பஞ்சம் வரையப் போன கதை

பிறத்தியாருடைய கஷ்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்பதைச் சென்னைப் பட்டணத்தில் கற்றுக்கொண்டேன். சித்திரப் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது எனக்குத் தாமரைக் குளம், மாலை வெயில், மங்கையர் முகம் இவற்றில்தான் ஆசை. வாங்கத்தான் ஒரு பிராணியும் வரவில்லை. பிறகு ஒரு கப்பல் ஏஜெண்டு தம் ஆபீஸ் ஹாலுக்கு, புயலில் துறைமுகம் நொறுங்குகிற காட்சி வேண்டுமென்றார். எண்ணெய்ச் சாயத்தில் எழுதிக் கொடுத்தேன். கப்பல் கவிழ, மனிதர்கள் பலகையைக் கட்டிக்கொண்டு அலற, அதன் கீழே அவர் தினமும் டிபன் கேரியரைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டார். அன்று முதல் எனக்கு ஓய்வில்லை. மயிலாப்பூர் வக்கீல் ஒருவருக்கு எரிமலை, ஜவுளிக்காரர் ஒருவருக்குப் பூகம்பம் என்று ஊரிலுள்ள கண்ணியவான்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பேரழிவு செய்து கொடுத்து வந்தேன். சிநேகிதர்கள் எனக்கு ‘ஆபத்து’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஹைகோர்ட்டு வழக்குக்காக வந்த சங்கிலிமுத்து என்ற பெரிய பண்ணைக்காரர், அந்தக் கப்பல் ஏஜெண்டின் ஹாலில் என் புயலைப் பார்த்திருக்கிறார். நேரே என் அறைக்கு வந்துவிட்டார். நல்ல உயரம், காதில் சிவப்புக் கடுக்கன், இடுப்பில் அரைஞாணோடு சேர்த்துக் கட்டிய பெரிய இரும்புச் சாவி ஒன்று.

“இதே மாதிரி நமக்கு ஒரு பஞ்சம் வேணும்” என்றார், ஜவுளிக் கடையில் வேட்டி கேட்கிற தோரணையில்.

“என்ன பஞ்சம்?”

“தாது வருசப் பஞ்சம். எங்க தாத்தா ஊருக்கே கஞ்சி ஊத்துனாரு. அது அப்படியே தத்ரூபமா வரணும். நீங்க அங்கன வந்து தங்கித்தான் எழுதணும்.”

சென்னையில் அப்போது மழையில்லை, குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. பஞ்சம் எழுத வேறு ஊருக்குப் போவானேன் என்று தோன்றியது. ஆனாலும் கிளம்பினேன்.

தேனியில் பஸ் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பேர் சேர்ந்து என்னை உள்ளே திணித்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் நீண்ட என் கித்தான் சுருள் பஸ்ஸின் தலையில் வாழைத்தார்களோடு பயணம் செய்தது.

“அது என்னாங்க, பாயா?” என்றார் கண்டக்டர்.

“படம் எழுதுகிற துணி.”

“அப்பப் பாய்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் மேல் ஒரு கோழிக்கூடையை ஏற்றினார். கூடையின் சொந்தக்காரியான அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். காதில் பாம்படம் ஆட, கூடையைச் சரியாகக் கட்டச் சொல்லிக் கண்டக்டரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். என் கித்தானுக்காக யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பழனிசெட்டிபட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸுக்குத் தாகம் எடுத்துவிட்டது. முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் டிரைவர் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். சென்னையில் டிராம் நின்றால் பிரயாணிகள் கம்பெனியை வைதுவிட்டு நடையைக் கட்டுவார்கள். இங்கே எல்லோரும் செம்பு, தூக்குப்போணி, டம்ளர் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள். நான் தூரிகை கழுவும் குவளையோடு போனேன். அப்படி வரிசையாகத் தண்ணீர் ஊற்றும்போதுதான் கண்டக்டர் என்னை விசாரித்தார்.

“எங்கன போறீக?”

ஊரின் பெயரைச் சொன்னேன். அனுமந்தன்பட்டிக்குப் பக்கம், அதற்கு மேல் எழுதினால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சங்கிலிமுத்து வீட்டுக்கு என்றதும், ஊற்றிக்கொண்டிருந்த செம்பு நின்றது.

“அவுக வீட்டுக்கா? சாப்பாடெல்லாம் எங்கன?”

“அவர் வீட்டில்தான்.”

கண்டக்டர் கோழிக்கூடை அம்மாளைப் பார்த்தார். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே, “மெட்ராஸ்காரகளுக்கு என்னப்பா, எங்கன வேணாலும் கை நனைப்பாக” என்றாள். சென்னைவாசிகளின் சுத்தத்தைப் பற்றி ஏதோ பழிக்கிறாள் என்று நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சங்கிலிமுத்து வீட்டுப் பந்திக் கூடத்தில் நூறு பேர் தாராளமாக உட்காரலாம். நான் போய்ச் சேர்ந்த அன்று அதில் இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. அவருடைய ஒரே மகள் காமாட்சி பரிமாறினாள். தாயில்லாத பெண், வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவளிடம்தான். சம்பாச் சோறு, மொச்சைக் குழம்பு, கத்தரிக்காய், கெட்டித் தயிர். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால், அந்தக் கையின் மேலேயே சோற்றை வைக்கிற தேசம் அது. பஞ்சம் வரைய வந்தவனுக்கு மூச்சு முட்டியது.

“இவ்வளவு பெரிய கூடத்தில் நாம் இரண்டு பேர்தானா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “கீழத்தெருவுல இருக்கிற அம்புட்டுப் பேரும் நமக்குப் பங்காளிக. ஒரே குலசாமி. ஆனா எங்க தாத்தா காலத்துலருந்து ஒருத்தரும் இந்த வீட்டுல கை நனைக்கிறதில்லை. கல்யாணம்னா வருவாக, சந்தனம் தொட்டுக்கிருவாக, போயிருவாக. பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக.”

“ஏன்?”

“பஞ்சத்துல தாத்தா களஞ்சியத்தைப் பூட்டிக்கிட்டாருன்னு ஒரு வெட்டிப்பேச்சு. பாப்பாவைப் பொண்ணு கேட்டு வாரவக பந்தியைத்தான் பாக்குறாக. சொந்தப் பங்காளியே திங்காத வீட்டுல நாம சம்பந்தம் பண்ணலாமான்னு எந்திரிச்சுப் போயிருதாக. வந்த எடமெல்லாம் இப்படித்தான் போச்சு. நீங்க தாத்தா கஞ்சி ஊத்துறதை எழுதிட்டீகன்னா, கண்ணால பாத்தாச் சனம் நம்பும்.”

பஸ்ஸில் கேட்ட ‘கை நனைப்பது’ இப்போதுதான் விளங்கியது. காமாட்சி என் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

மறுநாள் பஞ்சத்தைத் தேடிப் புறப்பட்டேன். எங்கே பார்த்தாலும் பச்சை. பெரியாற்றுத் தண்ணீர் வந்த நாளாக இரண்டு போகம் நெல், வாழை, தென்னை. வெடித்த பூமி எங்காவது ஒரு சாணாவது கிடைக்குமா என்று கேட்டேன். பண்ணையாட்கள் யோசித்துப் பார்த்து, குதிரைலாயத்துப் பின்சுவரில் வெடிப்பு இருப்பதாகத் தெரிவித்தார்கள். அதையே பார்த்து வரைந்துகொண்டேன். படத்தில் ஆற்றுப்படுகை என்று இருப்பது அந்தச் சுவர்தான்.

பட்டினி கிடப்பவர்களுக்கு மாதிரி வேண்டுமே? பண்ணையார் வேலையாட்களை வரிசையாக அனுப்பினார். ஒவ்வொருவனுக்கும் கதவு அகலத்துக்கு மார்பு.

“பசித்தால் எப்படி இருப்பாய், அப்படி நில்” என்றேன் ஒருவனிடம்.

“பசிச்சாச் சாப்புடுவோம்ங்க” என்றான்.

எலும்பும் தோலுமாக ஒரு பசு வேண்டுமென்று கேட்டதற்கு, அனுமந்தன்பட்டியிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அருமையான பசு, விலா எலும்புகளைத் தொட்டு எண்ணலாம். நான் கோடு போட்டு முடிப்பதற்குள் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்று கொழுத்துவிட்டது. அந்த வீட்டில் விருந்தினர் எல்லோருக்கும் ஒரே மரியாதை.

கடைசியில் சங்கிலிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேற ஆளு எதுக்கு? நீங்களே நல்லாத்தான இருக்கீக” என்றார்.

“பட்டணத்துல பஞ்சமாங்க?” என்றாள் காமாட்சி. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றபோது கோபம் தணிந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஆக, படத்தின் நடுவில் முழங்காலிட்டு, ஏந்திய கையோடு, உயிர் ஊசலாடக் கிடக்கிற முதல் பட்டினிக்காரன் நானே. அவனுக்கு எதிரே வெள்ளை வேட்டியும் பித்தளை அகப்பையுமாகத் தாத்தா. தாத்தாவுக்குப் பேரன் நின்றார், முகச்சாடை ஒன்றுதானாம். இடுப்புச் சாவி வேட்டியின் மடிப்பைக் கெடுக்கிறது, கழற்றி வையுங்கள் என்றேன். “அது பரம்பரைச் சாவி. களஞ்சியத்துச் சாவி. கழட்டுற வழக்கமில்லை” என்று உள்ளே செருகிக்கொண்டார். அகப்பைக்கு மட்டும் மூன்று நாள் உழைத்தேன். அதன் பளபளப்பில் கஞ்சி வாங்குகிறவர்களின் முகம் தெரிகிற மாதிரி செய்திருந்தேன். என் ஆயுளில் அதைப்போல ஒரு பித்தளையை எழுதியதில்லை.

இடையில் டர்ப்பன்டைன் தீர்ந்துபோய் உத்தமபாளையம் போனேன். கோர்ட்டும் தாலுகாக் கச்சேரியும் உள்ள ஊர். வழக்குக்கு வந்தவர்களெல்லாம் வக்கீலைப் பார்த்துவிட்டு, துக்கம் தீர ராவுத்தர் கடையில் கறிச்சோறு தின்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். ராவுத்தர் வேலையை விசாரித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“கஞ்சி ஊத்துன மாதிரியா எழுதுறீக? எங்க வாப்பா சொல்லுவாக. அந்தக் களஞ்சியத்துக் கதவை ஆணியடிச்ச மாதிரி பூட்டிட்டு, சாவியைக் கையில வச்சிக்கிட்டு அதுலயே சாஞ்சு நின்னாராம் அந்த மனுசன். கீழத்தெருக்காரரு ஒருத்தரு வாசல்லயே கெடந்து, அங்கனயே உசிர விட்டாராம். அன்னைக்குத் தெருவே சத்தியம் பண்ணுச்சு.”

“நான் கேட்டது வேறு மாதிரி” என்றேன்.

“உங்களுக்குச் சொன்னவக, அவுக கேட்டதைத்தான சொல்லியிருப்பாக” என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டுக் கறியை வைத்தார். நானோ கூலிக்குப் படம் எழுதுகிறவன். எரிமலை வெடித்த கதை நிஜமா என்று மயிலாப்பூர் வக்கீலிடம் கேட்டேனா என்ன? சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டர்ப்பன்டைனோடு திரும்பினேன்.

படம் முடிந்து, சாயம் காய்ந்தது. பந்திக் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டி, மேலே ஜரிகைத் துப்பட்டி போட்டு மூடினார்கள். கீழத்தெருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டார் பண்ணையார்: சாப்பிட வேண்டாம், படம் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று. தெரு முழுவதும் வந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்களுக்கு முன்னால், என் கித்தானில் கோழிக்கூடை ஏற்றிய அந்த அம்மாள். வெள்ளையம்மா என்று பெயராம். கீழத்தெருவில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்றும் அன்றுதான் தெரிந்தது.

துப்பட்டியை விலக்கினார்கள். சனம் ஓரடி முன்னால் நகர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சென்னையில் என் பூகம்பத்தைப் பார்த்தவர்கள் ‘பேஷ்’ என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்கள். இங்கே கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெள்ளையம்மா படத்துக்கு அருகில் போனாள். முழங்காலிட்டுக் கிடக்கிற என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆத்தா! எங்க பெரியப்பன்தான். நான் பாத்ததில்லை. ஆனா எங்க அப்பன் சொல்லுவாரே, இப்படித்தான் கழுத்தெலும்பு குழி விழுந்து, இப்படித்தான் கையேந்தி...” என்றாள்.

பின்னாலிருந்த சில பெண்கள் என்னை, அதாவது படத்திலிருந்த என்னை, கும்பிட்டார்கள். உயிரோடு தூணோரம் நின்ற என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு வெள்ளையம்மாவின் பார்வை என் கையிலிருந்து மேலே, அந்தப் பித்தளை அகப்பைக்குப் போனது. அங்கேயே நின்றது. திரும்பிச் சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“தம்பி, உசிரோட இருக்கிற எங்களை இந்த வீட்டுல கை நனைக்க வைக்க உன்னால முடியலை. அதுக்காக, ஒரு பருக்கைகூடக் கெடைக்காமச் செத்தவரை நனைக்க வச்சிட்டியே? அவரு வாயில்லாதவருன்னுதானே?”

அவ்வளவுதான். வந்த சனம் சந்தனம்கூடத் தொடாமல் வெளியேறியது. அந்த வீட்டில் அதுவரை நடக்காத அவமானம் அது. அகப்பை மட்டும் சுவரில் அற்புதமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

அன்று அடுப்பு மூட்டியும் பண்ணையார் சாப்பிடவில்லை. படத்தின் எதிரே தரையில் உட்கார்ந்து, இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டேயிருந்தார். எனக்குப் பசி, ஆனால் இலை போடச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பஞ்சம் எழுத வந்ததிலிருந்து அன்றுதான் எனக்கு உண்மையான பட்டினி.

காமாட்சி சமையல் கட்டிலிருந்து வந்து நின்றாள்.

“அப்பா, உங்க தாத்தா கஞ்சி ஊத்தலை. உங்களுக்கும் தெரியும்.”

அவர் சாவியைத் திருகுவதை நிறுத்தினார்.

“எனக்குக் கல்யாணம் ஆகலைங்கிறதுக்காக நீங்க இதைச் செஞ்சீக. ஆகாட்டிப் போகுது. பொய்யிக்கு எதுக்க நின்னு எம்புட்டு நாளு நான் சோறு பரிமாறுறது? நம்ம ரெண்டு பேருக்கும் அந்த அகப்பையைப் பாத்துக்கிட்டே சோறு எறங்குமா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “எண்ணெய்ச் சாயத்தை மாத்தி எழுத முடியுங்களா?”

“எதை?”

“அகப்பையை எடுத்துருங்க. சாவியை வைங்க.”

என் பித்தளை! மூன்று நாள் உழைப்பு! ‘வேறு எதையாவது எடுக்கலாமே, பசு சரியாக வரவில்லை’ என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மேலே பேசாமல் சாயத்தைக் குழைக்கப் போனேன்.

கையை மாற்ற வேண்டுமென்றால் நிற்கிற நிலையும் மாற வேண்டும். களஞ்சியம் இருப்பது வீட்டுக்கு வெளியே, தெருமுனையில். தண்ணீருக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேதான் அவர் நிற்க வேண்டுமென்றேன். உள்முற்றத்தில் நிற்கிறேன் என்று சொல்வாரென நினைத்தேன். மறுநாள் காலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் தடவையாக அந்தச் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கதவடியில் வந்து நின்றார்.

முதல் நாள் ஊர் சிரித்தது. “என்ன முதலாளி, காவல் நிக்கிறீகளா?” என்று ஒருவன் கேட்டான்.

“தாத்தா நின்ன மாதிரி நிக்கிறேன்” என்றார் அவர்.

கேட்டவன் சிரிப்பை விட்டுவிட்டு நடந்தான். இரண்டாம் நாள் சிரிப்பு இல்லை. கீழத்தெருப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உச்சி வெயிலிலும் அவர் நகரவில்லை. எனக்குக் குடை பிடிக்க ஆள் இருந்தது. அவருக்குப் பிடிக்க வந்தவனைப் போகச் சொல்லிவிட்டார். சென்னையில் போட்டோ ஸ்டூடியோவில் ஒரு நிமிஷம் ஆடாமல் நிற்கச் சொன்னால் ராவ் பகதூர்களெல்லாம் நெளிவார்கள். இந்த மனிதர் இரும்புச் சாவியோடு தன் வம்சத்தின் மானத்தை ஊரின் முன்னால் கழற்றி வைத்துவிட்டு அசையாமல் நின்றார். பரிகாசம் செய்யவே பிறந்த எனக்கு அன்று பரிகாசம் வரவில்லை. அதை ஒப்புக்கொள்ளச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளையம்மா வந்தாள். கோழிக்கூடையை இறக்கிவிட்டு, என் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“சாவி இடது கையில இருந்துச்சாம். எங்க அப்பன் சொல்லியிருக்காரு” என்றாள்.

பண்ணையார் கை மாற்றிக்கொண்டார்.

“கதவுல நல்லாச் சாயி. இன்னுங் கொஞ்சம். முகத்தை அங்கிட்டுத் திருப்பு. கீழ கெடந்தவரைப் பாக்கவே இல்லையாம்.”

அவர் சாய்ந்தார். முகத்தைத் திருப்பினார். அப்படித் திருப்பியபோது கண்ணில் நீர் வந்து நின்றது. “அக்கா, என்னால பாக்காம இருக்க முடியலையே” என்றார்.

வெள்ளையம்மா என் பக்கம் திரும்பினாள். “படக்காரரே, அழுகிறதை எழுதிராதீக. அந்த மனுசன் அழுகலை” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். சித்திரப் பள்ளியில் வெள்ளைக்கார வாத்தியார்கூட என்னை இப்படி அதட்டியதில்லை.

“படம் முடிஞ்சதும் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வரணும்” என்றார் அவர், அவள் முதுகைப் பார்த்து.

“பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

அந்தப் ‘பாப்போம்’ எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. படம் முடிந்த அன்று காமாட்சி தெரு முழுவதற்கும் உலை வைத்தாள். வராவிட்டால் இத்தனை சோற்றையும் என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பசுவைத் திரும்ப வரவழைக்கலாம் என்றாள். பேச்சு அப்படி இருந்தாலும், வாசல் பக்கம் ஒரு காலடி கேட்டால் அவள் கை நின்றுவிடும்.

வந்தார்கள். எப்போதும்போல வந்து, எப்போதும்போலச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எப்போதும்போலச் சுவரோரம் நின்றார்கள். கூடம் முழுவதும் இலை போட்டிருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. படத்தில் இப்போது அகப்பை இல்லை, கஞ்சித் தொட்டி இல்லை. பூட்டிய கதவு, இடது கையில் சாவி, திரும்பிய முகம், கதவடியில் கையேந்தியபடி நான். நிஜச் சாவி படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கியது. இனி இடுப்பில் கட்டுவதில்லை என்று பண்ணையார் அதை அங்கே மாட்டிவிட்டார்.

வெள்ளையம்மா மடியிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்தாள். தன் கொல்லையில் அறுத்து, தானே துடைத்து மடித்துக்கொண்டு வந்தது. அதைப் படத்தின் கீழே, எனக்கு நேராக விரித்தாள்.

“அவரு பசியாத்தான் போனாரு. அவருக்கு மொதல்ல வையி” என்றாள்.

சங்கிலிமுத்து சோற்றுப் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வேலைக்காரன் வாங்க வந்தான், கொடுக்கவில்லை. மண்டியிட்டு, கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே அள்ளி இலையில் வைத்தார். குழம்பு ஊற்றினார். தயிர் ஊற்றினார். “சாப்பிடுங்க பெரியப்பா” என்றார். கூடத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். படத்தில் இருந்தது என் முகம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சோறு எனக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவேயில்லை.

தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகும் யாரும் உட்காரவில்லை. எல்லோர் கண்ணும் வெள்ளையம்மாவின் மேல். காமாட்சி அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளையம்மா சேலையை இழுத்துச் செருகினாள். வரிசையின் முதல் இலைக்கு முன்னால் போய், மெள்ள உட்கார்ந்தாள். செம்புத் தண்ணீரை எடுத்துக் கையைக் கழுவி, இலையில் தெளித்துத் துடைத்தாள். பண்ணையார் பரிமாற வந்தார். அவர் வைத்த அவசரத்தில் சோறு பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது. குழம்பும் அப்படியே. அவள் பிசைந்து, ஓர் உருண்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

“தம்பி” என்றாள்.

சங்கிலிமுத்து பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“உப்பு வைக்க மறந்துட்ட. ஒரு கல்லு உப்புக் கொண்டா.”

நல்ல உயரமும் சிவப்புக் கடுக்கனுமாக ஊருக்கே பெரிய மனிதரான அவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். மகள் எடுத்துக் கொடுப்பதற்குள் உப்புச் சாடியையே கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சிந்தியபடி ஓடிவந்தார். ஒரு கை நிறைய அள்ளி அவள் இலையில் கொட்டினார்.

“ஏலே, போதும்! கொல்லவா பாக்குற?” என்று அவள் கத்த, அவர் அழுதுகொண்டே சிரிக்க, கீழத்தெரு முழுவதும் தடதடவென்று இலைகளில் உட்கார்ந்தது. காமாட்சி குழம்புச் சட்டியோடு பந்திக்குள் இறங்கினாள்.

எனக்கு மூன்றாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது. மொச்சைக் குழம்பு தீர்ந்து, ரசமும் சோறும்தான் மிச்சம். உப்பை மட்டும் சங்கிலிமுத்து தாமே கொண்டுவந்து என் இலை ஓரத்தில் வைத்தார். இந்தத் தடவை ஒரே ஒரு கல்.